நோட்டைக் கிழிக்காமல் கொண்டு வாருங்கள்

போன வாரம் நாச்சியார்கோவில் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர் பேப்பரை மடித்து என்னிடம் நீட்டினார். எங்கள் பக்கத்து நிறுவனம் ஒன்றின் பெயரைப் போட்டு கால் பக்கத்துக்கு ஒரு பொது அறிவிப்பு. "பாத்தீங்களா தம்பி, மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான். இனி ஒரு பைசா தேறாது" என்றார். நெல் போட்ட வகையில் அந்த நிறுவனம் அவருக்கு எழுபதாயிரத்துக்கு மேல் தரவேண்டுமாம். சொன்ன குரலில் கோபம்கூட இல்லை, எப்போதோ நடந்துபோன சாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. பேப்பரை மடித்து அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த அறிவிப்பின் நடுவில் கடைசித் தேதி என்று ஒன்று போட்டிருந்தது. அதை அவர் படிக்கவே இல்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தத் தேதிதான்.

மஞ்சள் கடுதாசி என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். கடன் வாங்கியவன் கோர்ட்டுக்குப் போய் ஐ.பி. கொடுத்துவிட்டான், கையை விரித்துவிட்டான், கொடுத்தவன் வாயைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தனி மனிதர்களுக்கான பழைய திவால் சட்டங்கள் 1909-லும் 1920-லும் வந்தவை. மூன்று தலைமுறையாக அவற்றைப் பார்த்துப் பழகிய ஊர் இது, அந்த நினைப்பு அப்படியே ஊறிப்போயிருக்கிறது. ஆனால் கம்பெனிகளுக்கு 2016-ல் வந்த திவால் சட்டத்தின்படி பேப்பரில் வருகிற அறிவிப்பு வேறு மாதிரியானது. 'இந்தக் கம்பெனி யாருக்கெல்லாம் பணம் தரவேண்டுமோ அவர்கள் எல்லாம் வந்து சொல்லுங்கள், இத்தனை நாளுக்குள் சொல்லுங்கள்' என்று கூப்பிடுகிற அறிவிப்பு அது. கூப்பிடும்போது போகாதவர் பெயர் பட்டியலில் ஏறாது. ஏறாத பெயருக்கு அப்புறம் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் வலங்கைமான் பக்கம், அப்பா இன்னும் சம்பா போடுகிறார். 2022-ல் எங்கள் பகுதி அரிசி ஆலைக் கம்பெனி ஒன்றின் மீது வங்கி வழக்குப் போட்டு, சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டவுடன் பழைய நிர்வாகத்தின் கையிலிருந்து எல்லாம் ஆர்.பி. என்று சொல்லப்படும் தீர்வு நிபுணர் கைக்குப் போய்விடும். எங்கள் ஆர்.பி. சென்னையிலிருந்து வந்த ஒரு மேடம். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வருகிற கோரிக்கைகளைச் சரிபார்க்க உள்ளூரில் ஆள் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தைக் கேட்டார்கள். அந்த வேலையை நான்தான் பார்த்தேன். முந்நூறுக்கு மேல் கோரிக்கைகள். அந்த நான்கு மாதம் நான் கற்றுக்கொண்டதில் ஒரு பங்காவது நம் ஆட்களுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அப்போதிருந்தே நினைப்பு.

முதலில் நாள் கணக்கு. ஆர்.பி. நியமனமான 3 நாளுக்குள் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வரவேண்டும். கோரிக்கை கொடுக்க நியமனத்திலிருந்து 14 நாள். எங்கள் வழக்கு ஏற்கப்பட்டது பிப்ரவரியில், அதாவது மாசி பிறக்கிற நேரம், டெல்டா முழுக்க அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்த நேரம். களத்தில் நெல் கிடக்கும்போது யார் பேப்பர் படிப்பார்கள்? முதல் 14 நாளில் வந்தவை மொத்தம் நாற்பதைத் தாண்டவில்லை. அதில் வங்கி, மின்வாரியம், லாரி ஆபீஸ், உதிரிபாகம் விற்ற கோயம்புத்தூர்க் கம்பெனி என்று பேப்பர் வேலைக்கென்றே ஆள் வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும். நெல் போட்டவர்களில் வந்தவர்கள் ஏழு பேர். நல்ல வேளையாக 90-ஆம் நாள் வரைக்கும் தாமதமாகவும் கொடுக்கலாம் என்று விதியில் அப்போது இடம் இருந்தது, 2023-ல் அதை இன்னும் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். அந்த 90 நாளை வைத்துக்கொண்டுதான் மற்றவர்களை உள்ளே கொண்டுவர முடிந்தது.

சரிபார்ப்பது என்றால் என்ன என்று ஆரம்பத்தில் எனக்கே தப்பான எண்ணம் இருந்தது. நீதிபதி மாதிரி உட்கார்ந்து இவன் சொல்வது உண்மை, அவன் சொல்வது பொய் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். மேடம் முதல் நாளே அதைத் திருத்தினார். இந்தக் கட்டத்தில் ஆர்.பி.க்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது, வந்த தாளையும் கம்பெனியின் கணக்கையும் ஒப்பிட்டுப் பட்டியல் போடுகிற நிர்வாக வேலை மட்டும்தான் என்று 2019 ஜனவரியில் ஸ்விஸ் ரிப்பன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கம்பெனியை மூடிச் சொத்தை விற்கும் நிலைக்குப் போனால் வருகிற கலைப்பு அதிகாரியின் முடிவுக்கு இதைவிடக் கனம் அதிகம், அவர் கோரிக்கையை நிராகரித்தால் 14 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவேண்டும். எங்கள் வேலை அதற்கு முந்தைய கட்டம். ஆனால் விதிகளில் பத்தாவது என்று ஒன்று இருக்கிறது. தாள் போதவில்லை என்றால் கோரியவரைக் கூப்பிட்டு வேறு ஆதாரமோ விளக்கமோ கேட்கலாம் என்கிறது அது. 'கேட்கலாம்' என்றுதான் இருக்கிறது, கேட்டே ஆகவேண்டும் என்று இல்லை. எங்கள் ஊரைப் பொறுத்தவரை அந்த ஒரு விதியில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. கேட்காமல் அடித்துவிட்டால் சட்டப்படி தப்பு இல்லை, வேலையும் சீக்கிரம் முடியும். கேட்டால் ஒவ்வொருவருக்கும் அரை நாள் ஆகும். எங்கள் மேடம் கேட்கச் சொன்னார், அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

வங்கிக் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். கேஷ் கிரெடிட் கணக்கு, டெர்ம் லோன், அடமானப் பத்திரங்கள், கணினியில் எடுத்த கணக்கு அறிக்கை, எல்லாம் வரிசையாக ஒரு ஃபைலில் வந்தது. அரை நாளில் முடித்தோம். ஒரே ஒரு இடத்தில்தான் குறைத்தோம். தீர்ப்பாயம் வழக்கை ஏற்றுக்கொண்ட தேதியோடு எல்லோருக்கும் கணக்கு நின்றுவிடும், அதற்குப் பிந்தைய வட்டியைச் சேர்க்கக் கூடாது. அவர்கள் கோரிக்கை கொடுத்த நாள் வரைக்கும் வட்டி போட்டிருந்தார்கள். சொன்னோம், மாற்றிக் கொடுத்தார்கள்.

அப்புறம் நெல்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அரசாங்கத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கும்போது தனியாருக்கு ஏன் போடுகிறார்கள் என்று கேட்பார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். மழை மூடிக்கொண்டு வரும்போது நெல்லை ரோட்டில் காயவைத்து, வரிசையில் போட்டு, தார்ப்பாயை மூடிக்கொண்டு பத்து நாள் காத்திருக்க எல்லோராலும் முடியாது. சன்ன ரகத்துக்குத் தனியாரிடம் விலையும் கூட. தரகர் களத்துக்கே வருவார், சாக்கு கொண்டுவருவார், லாரி கொண்டுவருவார், பணம் மட்டும் அப்புறம் வரும். கரும்புக்காரர்களுக்காவது 1966-ஆம் வருடத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. 14 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி என்று அதில் எழுதியிருக்கிறது. தனியாருக்கு நெல் போடுகிறவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை, தரகர் வாய்ச்சொல்தான்.

அந்த வாய்ச்சொல்தான் எங்களுக்குப் பெரிய சிக்கலாக வந்து நின்றது. ஆலையின் லெட்ஜரைத் திறந்தால் விவசாயி பெயர் ஒன்றுகூட இல்லை. தரகர்கள் பெயர்தான் இருக்கிறது. குடவாசல் பக்கத்துத் தரகர் ஒருவர் பெயரில் மட்டும் அறுபத்தொரு லட்சம் பாக்கி. அவர் தன் பெயரில் கோரிக்கை கொடுத்துவிட்டார். அவர் வழியாக நெல் போட்ட விவசாயிகளும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டார்கள். ஒரே நெல்லுக்கு இரண்டு கோரிக்கை, இரண்டையும் ஏற்றால் கம்பெனிக் கடன் இரட்டிப்பாகிவிடும். யாரை ஏற்பது? தாளைப் பார்த்தால் தரகர். லெட்ஜர், பில், அவர் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்த பணம், எல்லாம் அவர் பக்கம். நெல்லைப் பார்த்தால் விவசாயி. அவரிடம் இருப்பது ஓர் எடை மேடைச் சீட்டு, அதில் லாரி எண்ணும் எடையும் மட்டும் இருக்கும், யார் நெல் என்று இருக்காது, அப்புறம் தரகர் பேனாவால் கிறுக்கிக் கொடுத்த ஒரு துண்டுத் தாள்.

சட்டப்படி நாங்கள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மேடம் நான்கு தரகர்களையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். 'உங்கள் பெயரில் இருக்கும் தொகையில் இன்னின்ன விவசாயிக்கு இவ்வளவு என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தால், அந்தத் தொகையை உங்கள் கோரிக்கையில் கழித்து அவர்கள் பெயரில் ஏற்றுகிறோம்' என்றார். மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் தன் நோட்டையே கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னது: "எம் பேர்ல இருந்தா ஊருக்குள்ள நான் நடமாட முடியாது சார், அவங்கவங்க பேர்லயே ஏத்திடுங்க." நான்காமவர் எழுதவில்லை. 'நான் விவசாயிக்குக் கைக்காசு கொடுத்துவிட்டேன், ஆலைதான் எனக்குப் பாக்கி' என்று நின்றுவிட்டார். அது உண்மையாகவும் இருக்கலாம். சிலருக்கு அவர் கொடுத்ததை நானே விசாரித்து அறிந்தேன், சிலருக்குக் கொடுக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். இந்த இடத்தில் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்மானிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, லெட்ஜரில் இருந்தபடி தரகர் பெயரிலேயே ஏற்றினோம். அவர் வழியாக நெல் போட்டுக் கோரிக்கை கொடுத்திருந்த பத்தொன்பது பேரிடமும் தீர்ப்பாயத்தில் தனி மனு போடலாம் என்று சொன்னேன். இரண்டு பேர் போட்டார்கள். மற்றவர்கள் சென்னைக்குப் போய்வரும் செலவைக் கணக்குப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

எடைச் சண்டை ஒன்று வந்தது. நீடாமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், 180 மூட்டை போட்டவர். எடை மேடைச் சீட்டில் நெல் 11,160 கிலோ. மூட்டைக்கு 62 கிலோ. ஆலையின் பதிவேட்டில் 10,800 கிலோ, மூட்டைக்கு 60. சாக்குக்கும் கருக்காய்க்குமாக இரண்டு கிலோ கழிப்பது அங்கே வழக்கம். மூட்டை 1,250 ரூபாய் என்று பேச்சு. ஆலைக் கணக்குப்படி 2,25,000, அவர் கேட்டது 2,32,500. வித்தியாசம் 7,500 ரூபாய், ஆறு மூட்டை. அவருடைய வாதம் எனக்கு நியாயமாகவே பட்டது, வெயிலில் நின்று விளைவித்தது 62 கிலோதானே. ஆனால் அவரிடமே இருந்த முந்தைய இரண்டு வருடத்து பில்களை வாங்கிப் பார்த்தால் அதிலும் 60-க்குத்தான் பணம் வாங்கியிருக்கிறார், ஒரு முறைகூட மறுத்து எழுதவில்லை. 2,25,000 என்று ஏற்றோம். அவருக்கு அதில் வருத்தம், எனக்கும்தான். அரசுக் கொள்முதலில் 40 கிலோ சிப்பம் என்று ஒரே கணக்கு. தனியாரிடம் ஆலைக்கு ஆலை, தரகருக்குத் தரகர் மாறுகிற இந்த மூட்டைக் கணக்கு பல வருடமாக மூட்டைக்கு இரண்டு கிலோவைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கிறது. ஒரு கம்பெனி நொடித்துப்போய் யாராவது தாளைப் புரட்டினால்தான் அது வெளியில் தெரிகிறது.

அடுத்து ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். 74 வயது. கணவர் 2016 தையில் ஆலைக்கு நேராகவே நெல் போட்டிருக்கிறார், தரகர் இல்லாமல். அதில் 86,400 பாக்கி. 2020-ல் அவர் இறந்துவிட்டார். அந்த அம்மா ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். தாளைப் பார்த்தவுடன் எனக்கு மனம் கனத்துவிட்டது. 2016 பாக்கியை 2022-ல் கேட்கிறார். கடனுக்குக் காலவரம்பு மூன்று வருடம், அது இந்தச் சட்டத்துக்கும் பொருந்தும் என்று 2018-லேயே முடிவாகிவிட்டது. 2019 தையோடு அந்தக் கடன் செத்துப்போயிருக்க வேண்டும். அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் யாரும் என்னைத் தப்புச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் கேட்கவேண்டும் என்று விதி வைத்திருந்தோமே. "ஏம்மா, இத்தனை வருஷம் போய்க் கேக்கவே இல்லையா?" என்றேன்.

"கேக்காம என்ன தம்பி? கஜா அடிச்சப்போ கூரை போயிருச்சுன்னு அவரு போனாரு. காசு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நோட்டுல ஏதோ எழுதிக் குடுத்தாங்க."

கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது 2018 நவம்பர் 16. நோட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில், ஆலை ரப்பர் ஸ்டாம்ப் போட்டு, 'தங்களுக்கு இன்றுவரை தரவேண்டிய பாக்கி ரூ. 86,400' என்று எழுதி, கையெழுத்து, தேதி 26.11.2018. ஆலை நிர்வாகி ஒருவரின் கையெழுத்து, எங்களிடம் இருந்த மற்றத் தாள்களோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போனது. காலவரம்பு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கும் என்பது 1963 காலவரம்புச் சட்டம். மூன்று வருடம் முடிய இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. புது மூன்று வருடம் 2021 நவம்பரில் முடியும். அதற்குள் கொரோனா வந்துவிட்டது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் காலவரம்பில் கணக்கெடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. ஆக, எங்கள் வழக்கு ஏற்கப்பட்ட தேதியில் அந்தக் கடன் உயிரோடு இருந்தது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லி, அந்த அம்மா பெயரில் 86,400-ஐ ஏற்றினோம்.

கூரை போட வந்தவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பும்போது, சமாதானத்துக்காக யாரோ எழுதிக் கொடுத்த ஒரு வரி. அதே ஊரைச் சேர்ந்த இன்னொருவரும் இதே மாதிரி எழுதி வாங்கியிருந்தார். ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்து வந்தார், நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. முன்னால் என்ன வரவு, பின்னால் என்ன கழிவு என்று பார்க்க முடியாத ஒற்றைத் தாள், மேல் ஓரம் கிழிந்ததில் தேதியில் வருடம் போய்விட்டது. ஆலையின் கணக்கில் தேடித் தேடிப் பார்த்தேன், அவர் பெயர் எங்கும் இல்லை. அதை ஏற்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே லாரியில் நெல் ஏற்றியவர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாளியின் மைத்துனர் ஒருவர் ஒரு கோடிக்கு மேல் கம்பெனிக்குக் கடன் கொடுத்ததாகக் கோரினார். வங்கிக் கணக்கில் பணம் உள்ளே வந்திருப்பது நிஜம், ஆனால் நாலே நாளில் அதில் பெரும்பகுதி அவருடைய வேறு தொழிலுக்கே திரும்பிப் போயிருந்தது. மிச்சத்தை மட்டும் ஏற்றோம். உறவுக்காரர் என்பதால், கம்பெனியை என்ன செய்வது என்று ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் கடன் கொடுத்தோர் குழுவில் அவருக்கு ஓட்டும் இல்லை, சட்டம் அந்த விஷயத்தில் சரியாக இருக்கிறது. சாக்கு விற்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாக்கு தைக்கிற சிறு தொழில் பதிவு வைத்திருந்தார், 45 நாளுக்குள் பணம் வராவிட்டால் கூட்டு வட்டி கேட்க 2006-ஆம் வருடத்துக் குறு சிறு நடுத்தரத் தொழில் சட்டம் அவருக்கு உதவியது. மற்றவர் வாங்கி விற்கிற வியாபாரி, அந்தச் சலுகை அவருக்குக் கிடையாது, அசல் மட்டும்.

சுமை தூக்கும் தொழிலாளர்கள் விஷயத்தில் எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. ஆலை வருகைப் பதிவேட்டில் இருந்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். நிஜத்தில் மூட்டை தூக்கியவர்கள் அதைப்போல் இரண்டு பங்கு. பதிவில் இருந்தவர்களுக்கும் சம்பளத்தில் பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் தொழிலாளியின் சொந்தப் பணம், மற்றக் கடன்களோடு பங்கு போடக் கூடாது என்பதால் அவற்றைத் தனியாக எடுத்துவைத்தோம். பதிவில் இல்லாதவர்களுக்கு மேஸ்திரியின் கூலி நோட்டுதான் ஒரே ஆதாரம். நாள்வாரியாக மூட்டை எண்ணிக்கை எழுதியிருந்தார் அந்த மனிதர், ஒருநாள் விடாமல். ஆலையின் லோடு ரசீதுகளோடு அதை வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி நாட்கள் அப்படியே பொருந்தியது. அந்த நோட்டை வைத்து எல்லோருக்கும் சேர்த்து ஒரே கோரிக்கையாகக் கொடுத்தோம், பொருந்திய நாட்களுக்கு ஏற்கப்பட்டது.

இதில் ஓர் ஊர்ப் பெருமையும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது, அதில் பணம் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் பக்கம் நின்று வாதாடியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். கும்பகோணத்துக்குப் பக்கத்துத் திருவிடைமருதூரில் பிறந்தவர். அந்த அனுபவத்தோடுதான் அடுத்த வருடமே இந்தியன் வங்கி தொடங்குவதில் அவர் முன்னால் நின்றார். பணத்தை இழந்தவனுக்குக் கணக்கைச் சரியாக எடுத்துவைக்க ஆள் வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் புதிது இல்லை.

சரி, கடைசியில் என்ன கிடைத்தது?

வேறு மாவட்டத்துக்காரர் ஒருவர் ஆலையை எடுத்துக்கொள்ளத் திட்டம் கொடுத்தார். திட்டத்துக்கு ஓட்டுப் போடுவது கடன் கொடுத்தோர் குழு, அதில் உட்காருவது பணத்தைக் கடனாகக் கொடுத்தவர்கள் மட்டும், அதாவது வங்கி. மதிப்பில் 66 சதவீத ஓட்டு விழுந்தால் திட்டம் பாஸ். நெல்லைக் கடனாகக் கொடுத்தவனுக்கு ஓட்டு இல்லை. அவனுக்கும் அவனைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்து மொத்தக் கடனில் 10 சதவீதமாவது இருந்தால் ஒரு பிரதிநிதி கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். ஆலையை மூடி விற்றிருந்தால் வரிசைப்படி அவனுக்கு என்ன வந்திருக்குமோ அதற்குக் குறையாமல் கொடுத்தால் போதும் என்கிறது சட்டம். கட்டடமும் இயந்திரமும் எல்லாம் வங்கியில் அடமானம், வரிசையில் முன்னால் வங்கி நிற்கிறது, பின்னால் வருகிறவனுக்கு வருவது பெரும்பாலும் பூஜ்யம். எங்கள் வழக்கில் ஆலையை எடுத்தவருக்கு நாளைக்கும் அதே விவசாயிகளிடம் நெல் வாங்க வேண்டியிருந்ததால் கொஞ்சம் மனம் வைத்தார். வங்கிக்கு மூன்றில் ஒரு பங்கு. நெல்காரர்களுக்கு நூற்றுக்கு ஆறு ரூபாய்.

அந்த அம்மாவுக்கு 5,184 ரூபாய் வந்தது. செய்தி சொல்ல நானே போனேன். "மீதி எப்போ வரும் தம்பி?" என்றார். வராது என்று சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்பாயம் திட்டத்தை ஒப்புக்கொண்டால் அதில் எழுதியிருப்பது மட்டும்தான் மிச்சம், எழுதாத பழைய பாக்கி எதுவும், அரசாங்கத்துக்கு வரவேண்டியது உட்பட, அதோடு தீர்ந்துவிடும் என்று 2021 ஏப்ரலில் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாங்குக்கு மட்டும் எப்படி மூணுல ஒண்ணு?" என்று கேட்டார். அடமானம் என்றேன். "எங்க நெல்லும் அவன்கிட்டதானே இருந்துச்சு" என்றார்.

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. வீடு வாங்க பில்டரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு ஏமாந்து நின்றவர்களை 2018-ல் சட்டத்தைத் திருத்தி, பணம் கடன் கொடுத்தவர்களுக்குச் சமமாக வைத்தார்கள், குழுவில் அவர்களுக்கு ஓட்டும் உண்டு. நல்ல திருத்தம். நெல்லையும் கரும்பையும் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறவன் செய்வதும் கம்பெனியின் தொழிலுக்குப் பணம் போடுவதுதானே? வங்கியாவது வட்டி வாங்கிக்கொண்டு காத்திருந்தது. விவசாயிக்கும் குழுவில் ஒரு பிரதிநிதி, ஓட்டோடு, வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுவரைக்கும் படிவத்தையாவது தமிழில் கொடுக்கலாம். எங்களுக்கு வந்தது ஆங்கிலத்தில், முந்நூறு பேருக்கு நானும் ஒரு கல்லூரி மாணவரும் வாசித்துச் சொல்லிச் சொல்லி நிரப்பினோம். அறிவிப்பை நாளிதழோடு நிறுத்தாமல் கொள்முதல் நிலையத்திலும் வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் ஒட்டலாம். எங்கள் மேடம் சொந்தப் பொறுப்பில் அப்படி ஒட்டச் சொன்னார், ஒட்டிய வாரத்தில்தான் கூட்டம் வர ஆரம்பித்தது.

ஆறு ரூபாய்க்கா இவ்வளவும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் ஏறாதவருக்கு அந்த ஆறும் இல்லை. பட்டியலில் நெல்காரர்கள் ஏழு பேர் மட்டும் இருந்திருந்தால் ஆலையை எடுக்க வந்தவர் அவர்களைத் திரும்பிப் பார்த்திருப்பாரா என்பதும் எனக்குச் சந்தேகம். இருநூறு பேர் பெயரும் ஊரும் தொகையும் வரிசையாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் மனம் வைத்தார்.

இப்போது அந்த டீக்கடை அறிவிப்புக்கு வருகிறேன். அந்த நிறுவனத்துக்கு நெல் போட்டவர்கள், லாரி ஓட்டியவர்கள், மூட்டை தூக்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், அல்லது படிப்பவருக்கு அப்படி யாரையாவது தெரிந்தால், கடைசித் தேதி போய்விட்டது என்று உட்கார்ந்துவிட வேண்டாம், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் வாசல் திறந்திருக்கும். பொருள் கொடுத்தவர்களுக்கு படிவம் பி, தொழிலாளிக்கு படிவம் டி. தபாலில் அனுப்பலாம், ஈமெயிலில் அனுப்பலாம், ராஜாஜி சாலை வரைக்கும் போகவேண்டியதில்லை. எடை மேடைச் சீட்டு, தரகர் எழுதிய துண்டு, வங்கிப் பாஸ்புக், போனில் வந்த மெசேஜ், எதையும் இது உதவாது என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். தரகர் வழியாகப் போட்டிருந்தால் அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகத்தில் இருப்பேன், இதற்குப் பணம் வாங்குவதில்லை. நோட்டு இருந்தால் நோட்டை முழுசாகக் கொண்டு வாருங்கள், வேண்டிய பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்து வராதீர்கள்.